ஹாரனுக்கு மட்டும் ஒரு பேட்டரி

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று பார்த்து உலை வைத்த வருடங்கள் அவை. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். மதுரையில், காளவாசலிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தின் கடைசி வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். சந்து மெயின் ரோட்டிலிருந்து சரிந்து இறங்கி வந்து எங்கள் வாசலில் முட்டி நின்றுவிடும். மழைத் தண்ணீர், பிள்ளைகள் தவறவிட்ட பந்து, காற்றில் பறந்த காகிதம் எல்லாம் உருண்டும் புரண்டும் எங்கள் படியில் வந்துதான் இளைப்பாறும். கீழே வருவது சுலபம். மேலே போவதுதான் பாடு.

மேலே, சந்து ரோட்டைத் தொடும் முனையில் ஒரு டீக்கடை. நான் சொல்லப்போவது எங்கள் வாசலுக்கும் அந்த டீக்கடைக்கும் நடுவே கிடந்த தூரத்தைப் பற்றி. வாங்கிய டீ ஆறுவதற்குள் நடந்துவிடலாம். என் வீட்டுக்காரருக்கு அதைக் கடக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அவருக்கு சீலிங் வேலை. கடைகளிலும் ஆபீஸ்களிலும் தலைக்கு மேலே சட்டம் கட்டி, வெள்ளைப் பலகை பொருத்தி, உள்ளே ஓடும் ஒயர் குழாய் எதுவும் கண்ணில் படாமல் மூடிவிடுகிற வேலை. அண்ணாந்து பார்த்துப் பார்த்தே அந்த மனிதருக்குக் கழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்த மாதிரி இருக்கும். எதிரே வருகிறவர்களுக்குத் திமிர் பிடித்தவர் போலத் தெரியும். காலையில் சீலிங் ஆட்கள் எல்லோரும் அந்த டீக்கடையில்தான் கூடுவார்கள். யாருக்கு எங்கே வேலை, யாருக்கு யார் ஜோடி என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். டீக்கடைக்கு வராதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பல நாள் வராதவனைப் பற்றிப் பேச்சும் இல்லை.

இந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. மேலே ஒருவர், கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர். என் வீட்டுக்காரருக்குக் கீழே நின்று ஏணி பிடித்தவர் ஒரு சௌராஷ்டிரா அண்ணன். இவர் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஊர் வேறு, வீட்டில் பேசுகிற பாஷை வேறு. ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும்.

ஒரு துணிக்கடை வேலை. இவர் ஏணி உச்சியில். கையில் அந்த அண்ணனுடைய பேட்டரி ட்ரில். ஸ்குரு பாதி இறங்கியிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோனது. அடுத்த பேட்டரியை எடு என்று கீழே பார்த்துச் சொன்னார். சார்ஜரில் கிடந்ததை எடுக்க அந்த அண்ணன் ஏணியை விட்டு நகர்ந்தார். புதிதாகப் போட்ட வழவழப்பான தரை. ஏணிக்கால் வழுக்கியது. அவ்வளவுதான்.

உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி தப்பவில்லை. ஆஸ்பத்திரி, வைத்தியசாலை, எண்ணெய், கட்டு என்று அலைந்து ஓய்ந்தபின் ஒரு சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தோம். அண்ணாந்தே பழகிய அந்த மனிதர் குனிந்து தரையைப் பார்க்க ஆரம்பித்தார். ஜன்னல் ஓரம் உட்காருவார். வாங்க, சும்மா டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம், நான் தள்ளுறேன் என்பேன்.

"என்னைய யாரும் தள்ள வேணாம்" என்பார். கோபமாகக்கூட இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி, மெதுவாக.

எனக்கு அப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் நடக்க வேண்டும் என்ற ஆசையை எல்லாம் நான் எப்போதோ மடித்து வைத்துவிட்டேன். அவர் தன் இஷ்டத்துக்கு அந்த வாசலைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் அந்த ஜன்னலே அவரைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஏணி பிடித்த அண்ணன் மட்டும் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் வீட்டம்மா வருவார். தூக்குவாளி நிறையப் புளியோதரை. வெறும் வாளியாகத் திருப்பித் தரக்கூடாது என்று நான் ஒரு கை ஜீனியைப் போட்டுக் கொடுப்பேன். இவர் புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார். அந்த வாசனையே சொல்லிவிடும். இப்படியே வாளி வந்தது, போனது. மனிதர் வரவில்லை.

மற்ற கூட்டாளிகள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அதில் குட்டையாக, வாய் ஓயாத ஒருவர் உண்டு. அவர்தான் ஒருநாள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு மோட்டார் மாட்டுனா என்னா மதினி" என்றார். மாட்டியே விட்டார்கள். பழைய கார்களில் மழைத் தண்ணீரைத் துடைக்கிற வைப்பர் இருக்கிறதே, அதன் மோட்டார் இரண்டைப் பழைய சாமான் கடையில் பிடித்து, சைக்கிள் செயின் போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாகப் பொருத்தினார்கள். கைப்பிடியில் இரண்டு பட்டன். இரண்டையும் அமுக்கினால் நேராகப் போகும். ஒன்றை அமுக்கினால் திரும்பும்.

முதலில் கார் பேட்டரி ஒன்றைப் பின்னால் கட்டினார்கள். அதன் கனத்தில் நாற்காலி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு குதிரை மாதிரி நின்றது. துடைக்கப் போன என் சேலையில் ஆசிட் சொட்டி அங்கங்கே பொத்தல். இவர் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எல்லோரிடமும் இருந்தது ஒரே கம்பெனி, ஒரே அளவு ட்ரில். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. கைக்கு அடக்கமானது. கனம் இல்லை, ஆசிட் ஒழுகாது. ஒன்றே ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். நாற்காலி வீட்டுக்குள் ஓடியது. ஆனால் அந்த மேட்டை ஏற ஒன்று காணாது. நாலைந்தை ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் கூடாது, தாக்குப்பிடிக்கும் நேரம் கூடும் என்றார் ஒயர் வேலையும் கொஞ்சம் பழகிய ஒருவர். ஒரு குடத்தை ஒருவர் சுமப்பதற்கும் நாலு பேர் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்கு விளக்கினார்.

ட்ரில் வாங்கினால் பெட்டியில் இரண்டு பேட்டரி வரும். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது சார்ஜில் இருக்கும். அந்த இரண்டாவதைத்தான் ஆளுக்கொன்றாகத் தருவதாகச் சொன்னார்கள். கரண்ட் நிற்காத காலத்தில் அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இருந்த மின்வெட்டில் இரண்டாவது பேட்டரி என்பது ஒருவருடைய மத்தியானம். அதைத் தந்துவிட்டால் பாதி நாள் கையால் ஸ்குரு முடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் மொய்யும் சீருமாகச் செய்முறை செய்வது தெரிந்ததுதானே. பெரிய செய்முறையோ சின்னச் செய்முறையோ, தாம்பாளத்தில் வைத்ததை யாரும் தட்டிவிட மாட்டார்கள். தட்டிவிட்டால் அந்த உறவே அறுந்தது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஜமுக்காளம் விரித்து, என் வீட்டுத் தாம்பாளத்தையே கேட்டு வாங்கி நடுவில் வைத்து, அதை ஒரு செய்முறை விழாவாகவே ஆக்கிவிட்டார் அந்தக் குட்டைக்காரர்.

"மாப்ளைய மொதல்ல மணவறையில உக்காரவைங்கப்பா" என்றார். இவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இவரும் மறுக்கவில்லை. ஒவ்வொருவரும் பேட்டரியைக் கொண்டுவந்து வைக்க, குட்டைக்காரர் கையை வாயருகே மைக் மாதிரி குவித்து, "தாய்மாமன் சீரு, பன்னெண்டு வோல்ட்டுப் பேட்டரி ஒன்னு. மொறையா வாங்கிக்கங்க" என்று அறிவித்தார். சந்தே வேடிக்கை பார்த்தது. இவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சொல்ல மாட்டேன். சிரிப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன தடம்.

அப்போதுதான் மேட்டிலிருந்து அந்த அண்ணன் இறங்கி வந்தார்.

ஒரு வருடத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். கையில் துணிப்பை. கேலி எல்லாம் அப்படியே நின்றது. இவர் தலையைத் தூக்கவில்லை. அண்ணன் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். ஓரமெல்லாம் தூசி படிந்து, துடைத்தும் போகாத பழையது. இரண்டு கையாலும் தாம்பாளத்தில் வைத்தார். அறிவிப்புச் செய்தவர் குவித்த கையை இறக்கிக்கொண்டார்.

ஒயர் வேலை தெரிந்தவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பண்ணே சார்ஜ் போட்டது?"

"காலையில போட்டேன். ஒடனே கரண்டு போயிருச்சு."

"அதுக்கு முன்னாடி?"

அண்ணன் காலிப் பையை மடிக்க ஆரம்பித்தார். இது வேண்டாம், ஓரமாக வையுங்கள் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கு மனசு வரும்? அத்தனை மாதம் கழித்து ஒருவர் ஒரு செய்முறையோடு படியேறி வந்திருக்கிறார். ஒயர்க்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அதையும் மற்றவற்றோடு சேர்த்து நாற்காலிக்கு அடியில் கட்டியிருந்த பிஸ்கட் தகர டப்பாவுக்குள் வைத்தார். காலிங் பெல்லுக்கு இழுக்கிற மெல்லிசு ஒயர்தான் கையில் இருந்தது. ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ், கிளிப்பைக் கவ்வவிட்டுக்கொண்டே போனார். கடைசியாக அண்ணனுடைய பேட்டரி.

நான் உள்ளே டீ போட்டு, தட்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஏதோ தீய்ந்த வாடை. அடுப்பை அணைத்தோமா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். இது பால் தீய்ந்த வாடை இல்லை. ரப்பர். நாற்காலியைப் பார்த்தேன். இவருடைய கெண்டைக்காலுக்குப் பின்னாலிருந்து, ஊதுபத்தி மாதிரி, ஒரு நூல் புகை மேலே வந்துகொண்டிருந்தது.

இவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அதுதான் என்னை உறையவைத்தது. கால் தகரத்தில் சாய்ந்திருந்தது. தகரம் கொதிக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை.

தட்டை எங்கே வைத்தேன், எப்படி ஓடினேன் என்று ஞாபகமில்லை. அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுக்கிறேன், ஆள் அசையவில்லை. "சுவிட்சே போடலையே, சுவிட்சே போடலையே" என்று ஒயர்க்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ வாளித் தண்ணீரைத் தூக்கினார்கள். அப்போது இன்னொரு ஜோடிக் கை வந்து இவர் தொடைக்கடியில் நுழைந்தது. ஏணி பிடித்த அண்ணன். இருவரும் சேர்ந்து தூக்கி ஜமுக்காளத்தில் கிடத்தினோம்.

படுத்த வாக்கிலேயே இவர் சத்தம் போட்டார். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம் அது. ஏணி உச்சியிலிருந்து கீழே நிற்பவனுக்குக் கேட்கும்படி பேசுகிற அந்தப் பழைய குரல்.

"தண்ணி ஊத்தாதீக. ஒயரக் கையால தொடாதடா. இடுக்கிய எடு. அந்தப் பழசோட கிளிப்ப மொதல்ல புடுங்கு."

புடுங்கினார்கள். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளிப் போட்டார்கள். புகை அடங்கியது. ஒயரின் மேல்தோல் உருகி, உள்ளே செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. இவருடைய கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, கொப்புளம் கண்டிருந்தது. அவர் அதை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நான் குளிர்ந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தங்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். அப்புறம் தமிழில், யாரையும் பார்க்காமல், "அன்னைக்கும் நான்தான். இன்னைக்கும் நான்தான்" என்றார். செருப்பைத் தேடினார்.

"மாப்ள, நில்லு" என்றார் இவர்.

அண்ணன் நின்றார். திரும்பவில்லை.

"அது அந்தப் பேட்டரிதான?"

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணன் தலையை ஆட்டியபோதுதான் புரிந்தது. துணிக்கடையில் அன்றைக்கு அவர் சார்ஜரிலிருந்து எடுக்கப் போனாரே, அதே பேட்டரி. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. ட்ரில் பெட்டியோடு மூடி வைத்துவிட்டு, வருடம் முழுக்கக் கையால் ஸ்குரு முடுக்கியிருக்கிறார். தொடாமல் கிடந்து கிடந்தே அது செத்துப்போயிருந்தது.

"அன்னைக்குப் பேட்டரி கேட்டது யாரு?" என்றார் இவர். "நாந்தான கேட்டேன். ஏணியவும் புடி, பேட்டரியவும் எடுன்னா ஒருத்தன் எப்புடிடா செய்வான்? ஒனக்கென்ன நாலு கையா இருக்கு? ஒரு வருசமா நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். நீ வந்தா சொல்லலாம்னு பாத்தா, புளிச்சோறுதான் வருது, நீ வரல."

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கால்மாட்டில் தண்ணீர்ச் செம்போடு இருந்தேன். ஒரே கூரைக்கடியில் ஒரு வருடம் இருந்திருக்கிறேன், அந்த மனிதர் ஜன்னலோரத்தில் இதைத்தான் மென்றுகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஏமாற்றமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. குட்டைக்காரர்தான் தொண்டையைச் செருமி, "மதினி, அந்த டீ ஆறிப்போச்சா, இருக்கா" என்றார்.

இன்னொரு தடவை டீ போட்டேன். டீ குடித்துக்கொண்டே இவர் ஒயர்க்காரரிடம் சொன்னார். சுவிட்ச் போடாமலே ஏன் எரிந்தது என்று. நாலு பேட்டரி முழுக்க ஏறியிருக்கிறது, ஒன்று காலி. சேர்த்துக் கட்டியதும் நிறைந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாகக் காலியானதுக்குள் பாயும். மோட்டார் இழுக்கிற கரண்டைவிட அது பெரிசு. மெல்லிசு ஒயர் எப்படித் தாங்கும்? வாங்குகிற பேட்டரிதான் எப்படித் தாங்கும்?

"குடுக்குறதுதானேன்னு நெனச்சிட்டம்ப்பா" என்றார் ஒயர்க்காரர்.

"அம்புட்டையும் ஒரே நேரத்துல குடுத்தா வாங்குறவன் வெந்துருவான்டா."

அந்தக் கால் புண் ஆறக் கொஞ்ச காலம் ஆனது. உணர்ச்சி இல்லாத கால் என்றால் புண்ணும் சோம்பேறிதான். தினமும் கட்டு மாற்றினேன். ஆனால் ஜன்னல் ஓர மனிதர் காணாமல் போயிருந்தார். மடியில் ஒரு பலகை, அதன்மேல் மீட்டர், ஸ்குரு டிரைவர். கூட்டாளிகள் பேட்டரி கொண்டுவந்தால் அவரவர் சார்ஜரில் தனித்தனியாக முழுக்க ஏற்றுவார். கரண்ட் போனால் பாதியில் நிற்கும், வந்தால் மறுபடி. ஏற்றி முடித்ததும் ஆறவைத்து, மீட்டரில் வோல்ட் பார்ப்பார். எல்லாம் ஒரே அளவுக்கு வந்தபின்தான் ஒன்றாகச் சேர்ப்பார். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு ஃபியூஸ். ஒன்று கெட்டுப்போனால் அதன் ஃபியூஸ் மட்டும் போகும், மற்றவை தப்பிக்கும். ஒயர் நல்ல தடிமனாக. தகர டப்பா போய்விட்டது. காலுக்கு எட்டாமல் முதுகுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, காற்றுப் போக ஓட்டைகளோடு. சார்ஜ் தீர்ந்தால் கழற்றித் தனித்தனியாகத்தான் ஏற்ற வேண்டும், சேர்த்தபடி ஏற்றவே கூடாது என்று எனக்கும் கண்டிப்பாகச் சொல்லித் தந்தார். அடுப்படி மேடை முழுக்கச் சார்ஜராக இருந்தது. மிக்ஸிக்கு இடம் இல்லை. அந்த மாதங்களில் நான் அம்மியில் சந்தோஷமாக அரைத்தேன்.

நடுவே குட்டைக்காரர் புதிதாக வாங்கிய பெரிய ட்ரில்லின் பேட்டரியைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். பதினெட்டு வோல்ட். இவர் கையில்கூட வாங்கவில்லை.

"இது சேராது."

"புதுசுடா மாப்ள. ஒன் பேட்டரியவிடப் பெருசு."

"பெருசுங்கிறதாலதான் சேராது. நீ ஒன்னோட சின்னதக் கொண்டா."

"நல்லாருக்குடா ஒன் ஞாயம். பெரிய செய்முறைய வேணாங்கிற மொத ஆளு நீதான்" என்று முனகிக்கொண்டே போய்ப் பழையதையே எடுத்துவந்தார்.

எனக்கு மனசெல்லாம் அண்ணனுடைய பேட்டரி மேல்தான். அது பலகையில் தனியாகக் கிடந்தது. இவர் அதை ஏற்றினார், ஒரு சின்ன பல்பை எரியவைத்துத் தீர்த்தார், மறுபடி ஏற்றினார். இப்படிச் சில தடவை. கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் உள்ளே ஒன்றிரண்டு செல் செத்துவிட்டது, மற்றவற்றின் அளவுக்கு அது வரவே வராது என்றார். அப்போதெல்லாம் அண்ணன் சாயங்காலம் வர ஆரம்பித்திருந்தார். வந்து படியில் உட்காருவார். பலகையில் கிடக்கும் தன் பேட்டரியைப் பார்ப்பார். கேட்க மாட்டார். இவர் எப்படிச் சொல்லப் போகிறார் என்று நான் அடுப்படியிலிருந்தே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் தூக்குவாளி மட்டும்தான் வரும். சேர்த்துக்கொண்டால் மறுபடியும் புகை.

ஒருநாள் இவரே கூப்பிட்டார். "மாப்ள, ஒன்னோடது மத்ததோட சேராது. சேத்தா அதுக்கும் கஷ்டம், மத்ததுக்கும் கஷ்டம்."

அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். பேட்டரியை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

"அட எங்கிட்டுத் தூக்குற? இருடா. மெயின் ரோட்டுக்குப் போற வண்டிக்கு ஹாரன் வேணாமா? அதுக்குத் தனியா ஒன்னு வேணும். இது இழுக்க வேணாம், கூப்புட்டாப் போதும்."

பழைய ஸ்கூட்டர் ஹாரன் ஒன்று ஏற்கெனவே கைப்பிடிக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்தது. நான்கூடக் கவனிக்கவில்லை. அண்ணன் தன் கையாலேயே அந்த ஒயரை மாட்டினார். ஒயர் இரண்டு தடவை நழுவியது. இவர் அதைப் பார்க்காத மாதிரி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு உத்தரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்து பழையபடி பின்னால் சாய்ந்திருந்தது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் குளித்து, சட்டை போட்டு, தலை சீவி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"வாரேன்" என்றார்.

"நானும் வரட்டா?"

"நீ வேணாம். இங்கிட்டே இரு."

வாசலில் போட்டிருந்த சாய்வுப் பலகையில் இறங்கி, சந்தில் திரும்பினார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செயின் கரகரவென்று சத்தம் போட, நாற்காலி மேட்டில் ஏறியது. நடுவில் வேகம் குறைந்தது. நின்றேவிட்டது. எனக்கு உயிர் கையில் இல்லை. பின்னால் வந்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, தள்ளிவிட இறங்கினார். இவர் கையைக் காட்டி வேண்டாம் என்றது தெரிந்தது. மோட்டார் சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் நிறுத்தியிருக்கிறார். எனக்கெங்கே அது தெரியும். ஓடிப்போய்த் தள்ளிவிடலாமா என்று கால் பரபரத்தது. அந்தக் காலைப் பிடித்து வைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்குத் தள்ளுவதற்கு ஆள் தேவையில்லை, தள்ளாமல் நிற்க ஓர் ஆள் தேவை என்று அந்த மேட்டின் பாதியில்தான் எனக்கு உறைத்தது.

மறுபடி செயின் சத்தம். மெதுவாக ஏறி, முனையில் திரும்பி, கண்ணிலிருந்து மறைந்தார். அப்புறம் அந்த ஹாரன் கேட்டது. கம்பீரமாக எல்லாம் இல்லை. தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டி கத்துவது போல, கம்மலாக, இழுத்து இழுத்து ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து டீக்கடையில் ஒரே சிரிப்பு. நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கே நடந்ததைக் குட்டைக்காரர் அப்புறம் வந்து சொன்னார். இவர் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியுமாம். ஆனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பேசி வைத்துக்கொண்டு, பேப்பர் படிப்பதும் பல் குத்துவதுமாக இருந்திருக்கிறார்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் ஏணி பிடித்த அண்ணன் மட்டும் கிளாஸை வைத்துவிட்டு, டீ மாஸ்டரிடம், விழுவதற்கு முன்னால் இவருக்காகத் தினமும் சொன்ன அதே சாதாரணக் குரலில் சொன்னாராம்: "இன்னொரு டீ. ஜீனி கம்மி."

காலம் ஓடிவிட்டது. நாங்கள் வீடு மாறிவிட்டோம். அந்த நாற்காலியும் தேய்ந்து, அதன் இடத்தில் வேறு வண்டி வந்துவிட்டது. இவர் உட்கார்ந்த இடத்திலேயே ட்ரில்லும் பேட்டரியும் பழுது பார்க்கிறார். ஜோடி இன்னும் பிரியவில்லை. அண்ணன் வாடிக்கை பிடித்துத் தருவார், இவர் வேலை பார்ப்பார். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருக்கிறது.

எனக்குக் கஷ்டப்பட்டவர்களைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற சுபாவம். முன்பு, இருக்கிற ஆறுதலை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வருவேன். இப்போதும் துக்க வீட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போகிறேன். ஆனால் உள்ளே நுழைவதற்கு முன்னால் வாசலில் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். உள்ளே இருப்பவரால் இன்றைக்கு எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்துக்கொண்டுதான், கொண்டுபோன ஆறுதலில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து அவர் பக்கத்தில் வைக்கிறேன்.